ஓல்டானுக்கு ஜன்னலோரச் சீட்டு

ஏனுங்க தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? அந்த ஜன்னலோரச் சீட்டைக் கொஞ்சம் விட்டுத் தர்றீங்களா? எனக்கில்லீங்க. எனக்கென்ன, நான் பஸ்ஸு கூரை மேலயே படுத்துத் தூங்குன ஆளு. இந்தக் கூடைல இருக்கறவங்களுக்குத்தான். நெறமாசமுங்க. நாமக்கல் வரைக்கும் போகணும்.

ரொம்ப சந்தோசம். நல்லா இருப்பீங்க. பின்னால அத்தனை சீட்டு காலியாக் கெடக்குதே, அங்க போயி ஜன்னலோரம் உக்கார வேண்டியதுதானேன்னு பாக்கறீங்க. உக்காரலாமுங்க. ஆனா அது பின்சக்கரத்துக்கு மேல. தூக்கித் தூக்கிப் போடும். ஒரு பஸ்ஸுல ஆட்டம் கம்மியான எடம் எதுன்னா, ரெண்டு சக்கரத்துக்கும் நட்ட நடுவுல இருக்கற இந்தச் சீட்டுத்தான். அதுலயும் எடது பக்கம். மணி பதினொண்ணு ஆகுது, பஸ்ஸு வடக்க போகுது, வெயிலு பூரா வலது பக்கத்து ஆளுங்க மேல உழுந்துட்டிருக்குது பாருங்க. நாலு பஸ்ஸ உட்டுப்போட்டு அஞ்சாவது பஸ்ஸுல ஏறுனேன், இந்தச் சீட்டுக்கோசரம். ஏறிப் பாத்தா நீங்க உக்காந்திருக்கறீங்க.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, கரூர்ல பஸ் பாடி கட்டற பட்டறைல முப்பத்தொண்ணு வருசம் இருந்தவனுங்க நான். அர்த்தனாரின்னு பேரு. தகரம், ரிவெட்டு, கூரை, ஜன்னலு, எல்லாம் நம்ம கைதான். இந்த பஸ்ஸு எங்க பட்டறைல கட்டுனதில்லீங்க. ஷட்டரு கடகடன்னு ஆடுதே, கேக்குதுங்களா? ரிவெட்டுல கஞ்சத்தனம் பண்ணியிருக்கறான். அது கெடக்கட்டும்.

பாக்கறீங்களா? மெதுவா, துணிய ஓரமா மட்டும் வெலக்கிப் பாருங்க. முயலுதான். வெள்ளை முயலு. பேரு ஓல்டான். சிரிக்காதீங்க. மொத்தம் ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு ஆணு, கதவத் தெறந்தா ஒரே பாச்சல்ல வெளிய இருக்கும். அதுக்கு ரைட்டுன்னு பேரு வெச்சேன். இது வெச்ச எடத்துல அப்படியே நிக்கும், அதனால ஓல்டான். கண்டக்டரு சொல்ற ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். ரைட்ட எங்க பட்டறை பெயிண்டர் பீர்முகமது ஊட்ல உட்டுப்போட்டு வந்திருக்கேன்.

இவளை எதுக்கு பஸ்ஸுல ஏத்திட்டுப் போறேன்னு கேட்டா, அது பெரிய கதைங்க. நாமக்கல்ல எம் மாப்ள மோகனசுந்தரம், எஞ் சம்சாரத்தோட தம்பி, கோழிப்பண்ணை வெச்சிருக்கறான். எஞ் சம்சாரம் நாகரத்தினம் இப்ப அங்கதான் இருக்கறா. பதினோரு நாளாச்சு, கோவிச்சுக்கிட்டுப் போயி. அவளக் கூட்டியாரத்தான் போறேன். எதுக்குக் கோவிச்சுக்கிட்டான்னுதான் தெரியல. கண்ணாலமாகி முப்பத்தொண்ணு வருசத்துல ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுப் போனவ இல்லீங்க. பதினோரு நாளா ரோசனை பண்ணிப் பண்ணி மண்டை காஞ்சு போச்சு. நான் வரிசையாச் சொல்றேன், எந்த எடத்துல தப்புன்னு நீங்க சொல்லுங்க. படிச்ச ஆளாட்டம் இருக்கறீங்க.

தை மாசம் ரிட்டையரு ஆனேன். பட்டறைல யாரு ரிட்டையரு ஆனாலும் செவுத்துக் கடிகாரந்தான் குடுப்பாங்க. எனக்கு மட்டும் ஒரு ஜோடி முயலு. எல்லாம் பீர்முகமது ரோசனை. அவனூட்ல முயலு வளக்கறான். அர்த்தனாரி அண்ணன் கையக் கட்டிக்கிட்டு ஊட்ல உக்காந்தா அண்ணிக்குத்தான் செரமம், அதுக்கொரு வேலையக் குடுத்துருவோம்னு சொல்லியிருக்கறான். எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். எனக்கு இந்த முயலு மேல எல்லாம் பெரிய பிரியங் கெடையாதுங்க. இப்பவும் கெடையாது. ஒரு நிமிசம் இருங்க, ஐஸ் பாட்டிலு நகந்துருச்சு. காதுக்கிட்ட இருக்கணும். அதுக்கு ஒடம்புச் சூடு காது வழியாத்தான் எறங்கும். இப்பச் செரியாப் போச்சு, ஏஞ் சாமி?

மாசி மாசமே வெயிலு ஏற ஆரம்பிச்சுருச்சு. கால்நடை ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா, முயலுக்கு வேர்க்காதுங்க, முப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போனா உசுருக்கே ஆபத்து, அதுலயும் சினையா இருந்தா கேக்கவே வேண்டாம்னாங்க. மாப்ளைக்கிட்டச் சொன்னேன். அவன் பண்ணைல தொங்கவிடற தெர்மாமீட்டரு ஒண்ணக் குடுத்தான். எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுதானுங்க. அதுவரைக்கும் வெயிலுன்னா வெயிலு, அவ்வளவுதான் தெரியும். கைல தெர்மாமீட்டரு வந்ததுக்கு அப்பறம் சும்மா இருக்க முடியல. இன்னிக்குங்கூடச் சட்டைப் பைல இருக்குது, பாருங்க. இந்த பஸ்ஸுக்குள்ள முப்பத்தொம்பது. ஓல்டான் கூடைக்குள்ள இருபத்தொம்பது. ஜன்னல் பக்கமா நனைச்ச வெட்டிவேரு கட்டியிருக்கறேன், காத்து அதுல பூந்து உள்ள வருது. அதான் ஜன்னலு கேட்டேன்.

மொதல்ல அதுகளுக்கு ஒரு ஊடு கட்டுனேன். ஊடுன்னா, எனக்கு என்ன கட்டத் தெரியுமோ அதைத்தானே கட்டுவேன். பஸ்ஸு கட்டிப்புட்டேன். அலுமினியத் தகடு, எடதும் வலதுமா நாலு ஜன்னலு, நாலுக்கும் ஷட்டரு. கூரை மேல ரெண்டு வெண்டிலேட்டரு, முன்பக்கமாத் தெறக்கற மாதிரி. பின்னால ஒரு ஏணி. ஏணி எதுக்குன்னு நாகு கேட்டா. ஏணி இல்லாம பஸ்ஸு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. பீர்முகமது வந்து செவப்பும் வெள்ளையுமாக் கோடு இழுத்து, முன்னால 'கரூர் – நாமக்கல்'னு போர்டு எழுதிக் குடுத்தான். தெருவே வந்து பாத்துச்சு.

மத்தியானம் தெர்மாமீட்டர உள்ள தொங்க விட்டேன். வெளிய நாப்பது, உள்ள நாப்பத்தஞ்சு.

தெர்மாமீட்டரு கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். அடுத்த நாளு வெண்டிலேட்டரப் பெருசு பண்ணுனேன், நாப்பத்தஞ்சு. ஜன்னலக் கழட்டி மாட்டுனேன், நாப்பத்தஞ்சு. முயலு ரெண்டும் எப்பவும் போல வேப்பமரத்தடில காலை நீட்டிப் படுத்துக்கிட்டு என்னையே பாக்குதுக. மூணாவது நாளு பீர்முகமது வந்தான். சுத்திச் சுத்திப் பாத்தான். அப்பறம் மெதுவாச் சொன்னான்:

"அண்ணா, பஸ்ஸு நின்னுட்டிருக்குதுண்ணா."

எனக்கு உச்சந்தலைல ஓங்கிக் குட்டுனாப்பல ஆயிருச்சுங்க. நான் கட்டுனதெல்லாம் ஓடற பஸ்ஸுங்க தம்பி. காத்து எங்க இருந்து வரும்? பஸ்ஸு போகப் போக அதுவா வெண்டிலேட்டர்ல பூந்துக்கும். முப்பத்தொண்ணு வருசம் அதையே நம்பி இருந்துட்டேன். நிக்கற எடத்துக்குக் காத்தக் கொண்டாரணும்னு ஒரு நாளாவது நெனச்சிருக்கனா? பீர்முகமது தரைல உக்காந்து சிரிக்கறான். நானும் உக்காந்து சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சவுடனே எனக்கு ரோசனை வந்துருச்சு. நின்னா காத்து வராது, அப்ப ஓட்டிருவோம்.

மொபெட்டு பின்னால அந்த பஸ்ஸத் தூக்கி வெச்சுக் கட்டுனேன். வெண்டிலேட்டருக்கு முன்னால நனைச்ச கோணிச்சாக்கு. உள்ள ரைட்டும் ஓல்டானும். வெங்கமேட்டுல இருந்து வாங்கல் ரோட்டுல ஒரு ஓட்டம். போயிப் பாத்தா முப்பத்திமூணு! எனக்கு ரோட்டுல நின்னு ஆடலாம் போல இருந்துச்சு. அப்பறம் தெனம் மத்தியானம் பன்னண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் சர்வீஸுதான். பஸ் ஸ்டாப்புல நிக்கற பொம்பளைங்க கேலிக்குக் கை காட்டுவாங்க. டீக்கடைக்காரரு, நாமக்கல்லு எத்தனை மணிக்குப் போகும்னு கேப்பாரு. ஒருக்கா நாகுவே கை காட்டுனா. ரேசன் கடைல அரிசி வாங்கித் தலைல வெச்சுக்கிட்டு வந்துட்டிருந்தா. அவளுங் கேலி பண்றான்னு நானும் ரெண்டு ஹாரன் அடிச்சுப்போட்டுப் போயிட்டேன். நிறுத்துனா உள்ள சூடு ஏறிருமுங்க, அதுதான் சிக்கலு.

இல்லீங்க தம்பி, அதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட மாட்டா. ஊட்டுக்கு வந்து, அரிசிய எறக்கி வெச்சுப்போட்டு, செம்புத் தண்ணியக் குடிச்சா. அவ்வளவுதான். நான் கேட்டேனே, என்ன நாகு, டிக்கெட்டு எடுத்துட்டியான்னு. அவ சிரிக்கல. களைப்பா இருந்திருப்பா.

டாக்டரம்மாவுக்கு எப்படியோ சேதி போயிருச்சு. கூப்பிட்டு உட்டுப் பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க. சினை முயல இப்படிக் குலுக்கலாமா, நீங்கெல்லாம் பெரிய மனுசனான்னு. செரி, சர்வீஸ நிறுத்திட்டேன். இன்னிக்கு மட்டும் பஸ்ஸுல ஏத்தறானேன்னு நீங்க நெனைக்கலாம். அதான் சொன்னேனே, நடுச் சீட்டு, எம் மடி, ரெண்டு தலகாணி. குலுங்கறது எனக்குத்தான், அவளுக்கில்லை.

அப்பறம் ஐஸ் பாட்டிலு. தண்ணி பாட்டில ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா கல்லாட்டம் ஆயிருது. துண்டச் சுத்திப் பக்கத்துல வெச்சா, ரெண்டும் வந்து அதுல சாஞ்சு படுத்துக்கும், பாக்கவே அப்படி இருக்கும். முறை போட்டு எட்டுப் பாட்டிலு. அதுக்கு எடம் வேணுமுல்லீங்க, மாவுப் பாத்திரத்த வெளிய வெச்சுட்டேன். அது பொங்கி வழிஞ்சு மேடையெல்லாம் ஓடிருச்சு. புளிச்ச மாவுல தோசை நல்லாத்தான் இருந்துச்சு, நான் குறை சொல்லலை. ஒரு நாளு எண்ணிப் பாத்தா ஏழு பாட்டிலுதான் இருக்குது. தேடிக்கிட்டுப் போனா, நாகு சமையக்கட்டுல ஒரு பாட்டிலப் பொடனில வெச்சு அமுக்கிக்கிட்டு, இன்னொரு கைல பொரியல் கிண்டிக்கிட்டு நிக்கறா. "அது ரைட்டோடது நாகு"ன்னேன். குடுத்துட்டா. குணத்துல தங்கமுங்க அவ.

வேலாயுதம்பாளையம் வந்துருச்சு. இங்க நிறுத்திருவான். கொஞ்சம் அந்தப் பேப்பரக் குடுங்க, விசிறணும். பஸ்ஸு நின்னா வெட்டிவேருக்கு வேலையில்ல. பாருங்க, முப்பது, முப்பத்தொண்ணு. ஏறுங்கம்மா, சீக்கிரம் ஏறுங்க. உள்ளார ஒரு கர்ப்பிணி இருக்கறாங்க. ரைட்டு, போலாங்க!

எங்க உட்டேன்? ஆங், கூலரு. அதுதான் தம்பி நம்ம கைவேலைலயே உச்சம். பெயிண்டு டப்பா ஒண்ணு, சுத்தியும் ஓட்டை, ஓட்டைக்கு உள்பக்கமா வெட்டிவேரு. மீன் தொட்டில ஓடற சின்ன மோட்டாரு தண்ணிய மேல ஏத்தும், அது வேரு மேல சொட்டும். பின்னால ஒரு டேபிள் ஃபேனு. ஃபேனுக்கு எங்கயும் போக வேண்டியதில்லாம ஊட்லயே இருந்துச்சு. சமையக்கட்டுல மேடைக்கு மேல ஆணில மாட்டி வெச்சிருந்தா நாகு. ஒரு றெக்கை ஒடஞ்சது, ஆடி ஆடிச் சுத்தும். யாருக்கும் பிரயோசனமில்லாமக் கெடந்துச்சு. அதக் கழட்டி, றெக்கைய மாத்தி, எண்ணெய் போட்டேன். சத்தமே இல்லாமச் சுத்துச்சு. அவளக் கூப்பிட்டு, பாரு நாகு, ஒன் ஃபேனு எப்படி ஓடுதுன்னு காட்டுனேன். நல்லா ஓடுதுன்னா.

ஆனா அந்தக் கூலர எங்க வெக்கறது? அதுலதான் எல்லாமே இருக்குது. சூடான எடத்துல வெச்சா வேலைக்காகாது. அதனால ஊட்ல ஒரு எடம் விடாம அளந்தேன். மூணு நாளு, தெனமும் மத்தியானம் ஒரு மணிக்கு. கட்டிலுக்கு அடில, பீரோவுக்குப் பின்னால, எல்லாம் ஊந்து ஊந்து போயி அளந்தேன். காலண்டர் தாளுக்குப் பின்னால பெருசா எழுதி, எல்லாருக்குந் தெரியட்டும்னு சமையக்கட்டுக் கதவுக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சேன். குளிக்கற ரூமு முப்பத்தஞ்சு, பரவால்ல. கட்டிலுக்கு அடில முப்பத்தேழு. வேப்பமரத்தடி முப்பத்தெட்டு. மொட்டை மாடி அம்பத்தொண்ணு. சமையக்கட்டு நாப்பத்தேழு, முயலுக்கு ஆகாது.

அந்தச் சமையக்கட்டு நான் கட்டுனதுங்க. வேலைக்குச் சேந்த வருசந்தான் எங்க கண்ணாலம். ஊட்டுக்குப் பின்னால தற்காலிகமா இருக்கட்டும்னு, பட்டறைல மிஞ்சுன தகடுல நானே கூரை போட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகுனதில்லீங்க. அத்தனை ரிவெட்டு. ஜன்னலுகூட வெக்கல, சாரல் அடிக்கும்னு.

தாள ஒட்டுன அன்னிக்குச் சாயங்காலம் நாகு வந்து அதப் படிச்சா. ரொம்ப நேரம் நின்னு படிச்சா. அவளுக்கும் ஒரு ஆர்வம் வந்துருச்சேன்னு எனக்கு ஒரே சந்தோசம். அப்பறம் கேட்டா:

"சமையக்கட்டுல முயல உட்டா என்னாகும்?"

"செத்துப் போயிரும்"னேன்.

"எத்தனை நேரத்துல?"

"ரெண்டு மணி நேரந் தாங்காது நாகு."

செரின்னுட்டு உள்ள போயிட்டா. அன்னிக்கு ரசம் வெச்சு, எனக்குப் பிடிக்குமேன்னு அப்பளமும் பொரிச்சா. காலைல பாத்தா ஆளில்லை. சோறு வடிச்சு வெச்சிருக்குது, கொழம்பு மூடி வெச்சிருக்குது, முயலுக்குத் தீனி வெச்சிருக்குது. தம்பியூட்டுக்குப் போயிட்டான்னு பக்கத்தூட்டுக்காரம்மா சொன்னாங்க. ஒண்ணும் எடுத்துட்டுப் போகல. அந்தக் காலண்டர் தாள மட்டும் காணோம். அதை எதுக்கு எடுத்துட்டுப் போனாள்னு தெரியல. மாப்ள பண்ணைக்கு ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சிருப்பா.

இப்பச் சொல்லுங்க. மாவா? மாவு வீணாகல. பாட்டிலா? குடுத்துட்டா. அரிசி மூட்டையா? ஹாரனாச்சும் அடிச்சேன். எனக்கு ஒரு வெளக்கமும் வரல. எதுக்கும் இருக்கட்டும்னு மாவுக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அந்தப் பைல இருக்குது பாருங்க.

அவ போனதுல இருந்து நாந்தான் சமையலு. அங்கயும் ஒரு கஷ்டமுங்க. நம்ம ஒடம்பு முன்ன மாதிரி இல்ல போல. சமையக்கட்டுல பத்து நிமிசம் நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. வேர்வை கண்ணுக்குள்ள எறங்குது. மொத நாளு ரசத்த அடுப்புலயே உட்டுப்போட்டு வெளிய வந்து மரத்தடில படுத்துட்டேன். பிரசரு இருக்குமோன்னு ஆஸ்பத்திரில காட்டுனேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இப்ப அடுப்பத் தூக்கி வேப்பமரத்தடில வெச்சுட்டேன், அங்க ஒரு தொந்தரவும் இல்ல. வயசாகுதில்லீங்க.

நேத்து போன் பண்ணுனேன். மாப்ளதான் எடுத்தான். "மாமா, அந்தத் தாளப் படிச்சேன். எங்க பண்ணைல நாப்பது தாண்டுனா அலாரம் அடிக்கும் மாமா"ன்னான். அவம் பண்ணைப் பெருமை அவனுக்கு. அதுக்குள்ள நாகு போன வாங்கிக்கிட்டா. ஓல்டான் எப்படி இருக்குதுன்னா. இன்னும் ரெண்டு மூணு நாள்ல குட்டி போட்டுரும்னேன். இங்க பண்ணைல மேல இருந்து பனியாட்டம் தண்ணி தெளிக்குது, குளுகுளுன்னு இருக்குது, அதைக் கொண்டாந்து இங்க உட்டுருங்கன்னா. நானும் வரட்டுமான்னு கேட்டேன். "முயல மட்டும் கொண்டாங்க, பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்"னா. பாத்தீங்களா, முயலு மேல எத்தனை பாசம். இவளப் பாத்தவுடனே கோவமெல்லாம் எறங்கிரும், கையோட கூட்டியாந்துருவேன்.

அடடா, காவேரிப் பாலம் வந்துருச்சு. நல்லா மூஞ்சியக் காட்டுங்க தம்பி. தண்ணி கொஞ்சமாத்தான் ஓடுது, இருந்தாலும் காத்து வருதில்ல? இருபத்தாறு! கூடைக்குள்ள இருபத்தாறுங்க! ஓல்டான், அனுபவிச்சுக்க சாமி.

என்ன கேட்டீங்க? நாகு ஒரு நாளைக்குச் சமையக்கட்டுல எத்தனை மணி நேரம் நிப்பாளா? அதையெல்லாம் நான் எங்க அளந்தேன். இருங்க, சொல்றேன். வெடியால அஞ்சரைக்குப் போவா. நான் பட்டறைக்கு எட்டு மணிக்குப் போகணும், அதுக்குள்ள பலகாரம், மத்தியானச் சோறு எல்லாமாகணும். அது ஒரு ரெண்டரை மணி நேரம். ரிட்டையரு ஆனதுக்கப்பறம் மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடறேன், அதனால பதினொண்ணுல இருந்து ஒண்ணரை. அது ஒரு ரெண்டரை. சாயங்காலம்...

மத்தியானம் ரெண்டரை மணி நேரம்.

முயலுக்கு ரெண்டு மணி நேரந் தாங்காதுன்னு நாந்தான் சொன்னேன். அவ கேட்டா, நான் சொன்னேன். கைல தெர்மாமீட்டர வெச்சுக்கிட்டுச் சொன்னேன்.

தம்பி, கொஞ்சம் பேசாம இருங்க. இல்ல, நீங்க ஒண்ணுந் தப்பாக் கேக்கல. நீங்க கேட்டதுதான் கேள்வி. பீர்முகமது கேக்கல, மாப்ள நேராச் சொல்லல, நான் பத்து நிமிசம் நின்னு கண்ணு இருட்டி வெளிய வந்துங்கூட எனக்குத் தெரியல. அந்த ஒடஞ்ச ஃபேன ஆணி அடிச்சு மாட்டுனது அவதானுங்க. நான் மாட்டிக் குடுக்கல. அதையுங் கழட்டி, ஒன் ஃபேனு எப்படி ஓடுது பாருன்னு காட்டியிருக்கறேன். அவ நல்லா ஓடுதுன்னா.

எத்தனை பஸ்ஸு கட்டியிருப்பேன். அத்தனைக்கும் கூரைல வெண்டிலேட்டரு வெச்சேனுங்க. யாரோ எங்கயோ போற சனம், ஒரு மணி நேரம் உக்காந்து போற சனம், வேகக் கூடாதுன்னு. முப்பத்தொண்ணு வருசம் நின்னவளுக்கு வெக்கல. எனக்கு இப்ப அழுகையா சிரிப்பான்னு தெரியல. ரெண்டும் வருது. அந்தத் தாள மட்டும் அவ மடிச்சு வெச்சுக்கிட்டுப் பஸ்ஸுல போயிருக்கறா பாருங்க, இதே ரோட்டுல.

காவேரிக்கரை வேலூரு வந்துருச்சா? ஓல்டான், ஓல்டான்! ஒன்னையில்ல சாமி, பஸ்ஸச் சொன்னேன். ஏனுங்க கண்டக்டரு, ஒரு ஆளு எறங்கணும்.

தம்பி, நீங்க நாமக்கல்லுதானே போறீங்க? இந்தாங்க, கூடைய மடில வெச்சுக்கங்க. இப்படி, ரெண்டு தலகாணிக்கும் நடுவுல. வெட்டிவேரு ஜன்னலப் பாத்து இருக்கணும், காஞ்சா இந்தப் பாட்டில்ல இருந்து ரெண்டு மூடி தண்ணி. பயப்படாதீங்க, பேரே ஓல்டான், அசைய மாட்டா. பஸ் ஸ்டாண்டுல பச்சைச் சீலையோ நீலச் சீலையோ, ஒல்லியா ஒரு அம்மா நிப்பாங்க, பக்கத்துல தாட்டியா ஒரு ஆளு நிப்பான். நாகரத்தினமான்னு கேட்டுக் குடுத்துருங்க. என் நம்பரு கூடைக்கடில எழுதியிருக்குது.

நான் திரும்பிப் போறேனுங்க. கரூருக்கு எதுத்தாப்பல பஸ்ஸு நிக்குது. பீர்முகமதக் கூப்பிட்டா ரெண்டு நாளு வேலை. சமையக்கட்டுக் கூரைய வெட்டி ரெண்டு வெண்டிலேட்டரு, செவுத்துல ரெண்டு பக்கமும் ஜன்னலு, ஷட்டரோட. இது நிக்கற பஸ்ஸு, அதனால கூலரு அங்கதான் போகுது, ஃபேனும் அந்த ஆணிக்கே போகுது. சாரல் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும்.

அவுரு எங்கன்னு கேப்பா. கேக்க மாட்டா, முயல மட்டுந்தானே கேட்டா. கேட்டாச் சொல்லுங்க, கூரைல ஓட்டை போடப் போயிருக்கறாருன்னு. மத்தியானம் ஒரு மணிக்கு அடுப்பப் பத்த வெச்சு, ரசம் வெச்சு, அப்பளம் பொரிச்சு, நானே உள்ள நின்னு அளப்பேன். முப்பத்தஞ்சுக்குக் கீழ எறங்குனாத்தான் அவளக் கூப்பிட வருவேன். எறங்கலைன்னா இன்னொரு ஓட்டை போடுவேன். இதைச் சொல்லிருங்க.

அந்த மாவு டப்பாவையும் அவகிட்டயே குடுத்துருங்க. ஜன்னலோரத்த மட்டும் யாருக்கும் விட்டுராதீங்க.

எறங்கிட்டேன் கண்டக்டரு. ரைட்டு, போலாங்க.